படைத்தலைவர் வராத கூட்டம்

வரலாறு படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். எழுதுகிறேன். பாடத்திட்டத்தை எப்படிப் பிரிப்பது, விடைத்தாளை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், போதாததற்குக் கணினியும் இருக்கிறது. நான் மேற்கு சிட்னியில் ஒரே பாடசாலையில் இருபத்து மூன்று வருடங்கள் வரலாறு படிப்பித்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் செய்த பிழைகளை எழுதினால் நீங்கள் வேலையை விட்டு ஓடிவிடுவீர்கள். அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருந்து சிரிப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் ஆசையோடு எடுக்கும் பாடம் ஒன்று இருந்தது. சோவியத் ரஷ்யாவில் புரட்சியை நடத்திய தலைவர் நோயில் விழுகிறார். அவருடைய இடத்துக்கு யார் வருவது என்று கூட இருந்தவர்களுக்குள் இழுபறி தொடங்குகிறது. அந்தச் சில வருடங்கள்தான் பாடம். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் பெயர் சொல்லித்தான் படிப்பித்தேன். அதில் ஒரு தொல்லை. பெயரைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு முடிவு தெரிந்துவிடும். "கடைசியில் இவர்தானே சேர் வெல்லுவார்" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் கையை வைத்துக்கொள்வார்கள். முடிவு தெரிந்துவிட்டால் தோற்றவர்கள் எல்லோரும் முட்டாள்களாகத் தெரிவார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் இருந்த மிகப் பெரிய மூளைகள் அவை.

அதனால் பெயர்களை எடுத்துவிட்டேன். முதல் மூன்று பாடங்களுக்கு நாட்டின் பெயரையும் சொல்லமாட்டேன். ஒருவர் செயலாளர். ஒருவர் படைத்தலைவர். இருவர் பழைய தோழர்கள். இன்னொருவர் எல்லோருக்கும் பிடித்த இளையவர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குப் பெயர்கள் தெரியும், தெரியாதவர் போல வாசியுங்கள்.

படைத்தலைவர் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு படையைக் கட்டி, உள்நாட்டுப் போரை வென்று கொடுத்தவர். மேடையில் ஏறினால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுவிடாமல் கேட்பார்கள். எழுத்தும் அப்படித்தான். கூட்டங்கள் மட்டும் அவருக்குச் சலிப்பு. மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நாவல் வாசித்துக்கொண்டு இருப்பாராம். செயலாளரோ கடிதங்களைப் பார்ப்பவர், கோப்புகளை அடுக்குபவர், பேச எழுந்தால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தலைவருக்குப் பிறகு யார் என்று வாக்கெடுப்பேன். வகுப்பே படைத்தலைவருக்குக் கை உயர்த்தும். செயலாளருக்கு ஒரு கை வரும், அதுவும் பரிதாபப்பட்டு.

பிறகு இரண்டாவது தாளைக் கொடுப்பேன். அதில் ஒவ்வொருவரும் திங்கள் முதல் சனி வரை என்ன செய்தார்கள் என்று இருக்கும். எந்த ஊருக்கு யாரைப் பொறுப்பாக அனுப்புவது என்று முடிவெடுத்தவர் யார்? கூட்டத்தில் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று எழுதியவர் யார்? மாநாட்டுக்கு யார் யார் வரலாம் என்று பார்த்தவர் யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், செயலாளர். அதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகம் மாறும். அந்த ஒரு நேரத்துக்காகவே விடிய எழும்பி வேலைக்குப் போகலாம்.

இவ்வளவையும் வருடா வருடம் படிப்பித்த மனிதர் தன் வேலையிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இனிப் பாருங்கள்.

எங்கள் வரலாற்றுத் துறையில் ஐந்து பேர். தலைவி ஒரு அவுஸ்திரேலியப் பெண்மணி. நான் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் என் ஆங்கில உச்சரிப்பைப் பழித்துக் காட்டுவார்கள். அவர் ஒரு நாள் வந்து கடைசி வரிசையில் அமர்ந்து, நான் சொல்வதைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். ஒரு கிழமை முழுக்க அப்படி எழுதினார். என் சொல் ஒன்றையும் திருத்தவில்லை, பிள்ளைகளை ஒரு தடவை முறைக்கவுமில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள். அவர் மேல் எனக்கு இருந்தது பக்தி என்றே சொல்லலாம்.

அவருக்கு அடுத்தவன் நான். என்னோடு ஜெசிந்தா. மன்னாரைச் சேர்ந்தவர், என்னைவிட ஏழு வயது இளையவர், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வருவார். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மற்ற இருவரும் பல்கலைக்கழகம் முடித்து வந்த இளையவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் நடந்த சண்டையின் சுவையான பாதி அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

ஒவ்வொரு புதன்கிழமையும் மதிய இடைவேளையில் துறைக் கூட்டம் நடக்கும். நான் போகமாட்டேன். எனக்குப் பிள்ளைகள்தான் முக்கியம் என்று பெரிய எடுப்பில் சொல்லிக்கொண்டு, அந்த நேரத்தில் என் வகுப்பறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாதம் பண்ணிக்கொண்டிருப்பேன். தப்பித்தவறிப் போனாலும் ஒரு கட்டு விடைத்தாளைக் கொண்டுபோய்த் திருத்துவேன். கூட்டத்தில் பேசவேண்டியவற்றை எழுதுவது, முடிவுகளைக் குறித்து எல்லோருக்கும் அனுப்புவது, யாருக்கு எந்த அறை என்று ஒதுக்குவது எல்லாம் ஜெசிந்தாதான். யாராவது செய்யத்தானே வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு வருடம் தலைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு மாத விடுப்பில் போனவர், வீட்டில் காலை நீட்டி இருந்து யோசித்துவிட்டு, இனிப் போதும், கடற்கரைப் பக்கம் போய் இருக்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அதிபர் எங்களிடம் வந்தார். அடுத்த வருடத்துக்கு என்னையோ ஜெசிந்தாவையோ தலைவராக நியமிக்கலாம் என்று இருப்பதாகவும், வருட முடிவுக்கு முன் துறை கூடிப் பேசித் தன் விருப்பத்தை எழுதித் தரவேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். உங்களிடம் மறைப்பானேன்? இந்த நாட்டுக்கு வந்து முதல் நான்கு வருடம் மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி தூக்கியவன் நான். ஒரு கதவில் என் பெயர் எழுதிய பலகை தொங்கவேண்டும், என் பிள்ளைகள் வந்து அதற்குக் கீழே நின்று படம் எடுக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை கிடந்தது. என் மனைவி அதற்குள் நாங்கள் இருக்கும் டூங்கபியில் பாதிப் பேருக்குச் சொல்லியும் விட்டார். கிடைக்குமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கவில்லை. நன்றாகப் படிப்பிப்பவர் யார் என்று யாரைக் கேட்டாலும் என்னைத்தானே காட்டுவார்கள்?

அந்தக் கிழமைகளில்தான் பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடமும் வந்தது. வாக்கெடுப்பு நடத்தி, இரண்டாவது தாளும் கொடுத்தேன். நான் எதிர்பார்த்தபடி முகங்களும் மாறின. முன் வரிசையில் ஷாமிலி என்றொரு பிள்ளை இருந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணம். தமிழ் முழுக்க விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் கையை உயர்த்தி, உங்கள் துறைக் கூட்டத்தில் விடயங்களை எழுதுவது யார் சேர் என்று கேட்டாள். ஜெசிந்தா மிஸ் என்றேன். அறைகளை ஒதுக்குவது? அவர்தான். கூட்டம் எப்போது? புதன்கிழமை மத்தியானம் என்றேன்.

வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொரு புதன் மத்தியானமும் அவர்களோடுதானே நான் இருக்கிறேன்.

"சேர்," என்றாள் ஷாமிலி, மெல்லிய குரலில், "யூ ஆர் த கமாண்டர்."

வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. நானும் சிரித்தேன். ஆனால் காரில் வீட்டுக்குப் போகும்போது சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது செய்யவேண்டியிருந்தது சின்ன வேலை. அடுத்த புதன்கிழமை கூட்டத்துக்குப் போயிருந்தால் போதும். போகவில்லை. அதற்குப் பதிலாக ஜெசிந்தாவைக் கவனிக்கத் தொடங்கினேன். நான் படைத்தலைவர் என்றால் அவர்தானே செயலாளர்? வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் வரக்கூடிய நோய் இது. ஒரு பழைய கதையை எடுத்து, கண் முன்னால் நிற்கும் மனிதருக்குச் சட்டை போல மாட்டிவிடுவது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்னதில்லை. இளைய ஆசிரியர் இருவருக்கும் ஜெசிந்தா மீன் ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஆள் சேர்க்கிறார் என்று குறித்துக்கொண்டேன். புத்தக அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவரிடம் இருந்தது. அதிகாரம் குவிகிறது. சத்திரசிகிச்சை முடிந்த தலைவியை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நோயாளித் தலைவரிடம் போய்வரும் வழியைச் செயலாளர் தன் கையில் வைத்திருந்தாரே, அதேதான். நானும் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? எனக்கு அப்போது திருத்த விடைத்தாள் நிறைய இருந்தது.

இதற்கிடையில் தலைவிக்குப் பிரியாவிடைத் தேநீர் வந்தது. நான் இரண்டு நாள் இருந்து ஒரு பேச்சு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய மிக நல்ல பேச்சு அது. வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனால், மண்டபத்தில் ஒருவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறார். தேநீர் மூன்று மணிக்கே தொடங்கி முடிந்துவிட்டதாம். தலைவியும் போய்விட்டார்.

உங்களுக்கு நினைவிருக்கும், ரஷ்யாவில் இறந்த தலைவரின் இறுதிச் சடங்குக்குப் படைத்தலைவர் வரவில்லை. தெற்கே எங்கோ ஓய்வில் இருந்தவருக்குத் தவறான நாளைச் செயலாளர் சொல்லிவிட்டார் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நேரே ஜெசிந்தாவிடம் போனேன்.

"ஜெசிந்தா, நேரம் மாத்தினதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான் அண்ணை. ஈமெயில் போட்டனான்."

"எனக்கு ஒண்டும் வரேல்லை."

"வந்திருக்கும். திறந்து பாருங்கோ."

அவருக்கு முன்னாலேயே திறந்தேன். வாசிக்காத கடிதங்கள் முந்நூறுக்கு மேல் கிடந்தன. அவற்றில் மூன்று, நேர மாற்றம் பற்றி ஜெசிந்தா அனுப்பியவை. மூன்றாவதில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

"நேரில ஒருக்காச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன். விடமாட்டேன் அல்லவா?

"உங்களை நேரில எங்க அண்ணை காணுறது? புதன்கிழமை நீங்கள் கூட்டத்துக்கு வந்தால்தானே."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவியும் என் பக்கம் நிற்கவில்லை. "ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற மனிசன், தனக்கு வந்ததைப் படிக்கத் தெரியாது," என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

வெட்கத்தோடு தலைவிக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுக்கவில்லை. பேச்சை அனுப்பிவை, வாசிக்கிறேன் என்றார். பிறகு இடையில் ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த வருடம் துறையை நடத்துவது பற்றி, உங்கள் நால்வரையும் பற்றி, ஒரு கடிதம் எழுதி ஜெசிந்தாவிடம் கொடுத்திருக்கிறேனே, நீங்கள் எல்லோரும் கூடி அதை வாசித்துவிட்டீர்களா என்று கேட்டார். அவர் கொடுத்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். பயத்தில் இல்லை, உற்சாகத்தில். கடிதம். ஒளித்து வைத்த கடிதம். இந்தப் பாடத்தின் நடுவில் இருப்பதே அப்படி ஒரு கடிதம்தானே. படுக்கையில் இருந்த தலைவர், தனக்குப் பிறகு வரக்கூடியவர்கள் எல்லோரையும் பற்றி ஒரு கடிதம் சொல்லி எழுதுவிக்கிறார். செயலாளர் முரடர், அவரை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள் என்று அதில் சேர்க்கிறார். அவர் இறந்தபின் மனைவி அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பொது அவையில் வாசிக்க வேண்டாம், கதவைப் பூட்டிக்கொண்டு சிறு சிறு குழுக்களுக்கு மட்டும் வாசிப்போம் என்று மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள். பழைய தோழர்கள் இருவரும் செயலாளருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். படைத்தலைவர் வாய் திறக்காமல் இருக்கிறார். வருடா வருடம் அந்த இடம் வரும்போது நான் வகுப்பில் மேசையில் தட்டி, இந்த மனிதர் எழும்பி அதை வாசிக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பேன்.

அவர் விட்ட பிழையை நான் விடப்போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில்தான் யாரைத் தலைவராகக் கேட்பது என்று முடிவெடுப்பதாக இருந்தது. நான் உள்ளே போனதும் ஜெசிந்தா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்ன அண்ணை, பாதை தவறி வந்திட்டியளோ?"

நான் சிரிக்கவில்லை. நின்றபடியே, தலைவி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது, அதை இப்போது வாசிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னேன். ஜெசிந்தாவின் முகம் வெளுத்தது. அகப்பட்டாய் என்று நினைத்தேன்.

"இருக்கு அண்ணை," என்றார் தமிழில். "ஆனா இப்ப வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் பிறகு தனியக் கதைப்பம்."

"தனியக் கதைக்க இதென்ன கலியாணப் பேச்சே? எல்லாருக்கும் எழுதின கடிதம். எல்லாருக்கும் முன்னால வாசியுங்கோ."

"உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். விடுங்கோ."

"செயலாளர்மார் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை."

அவருக்கு அது விளங்கவில்லை. நான் இளையவர்கள் பக்கம் திரும்பி, ஒரு கடிதத்தை ஒளித்ததால் ஒரு பெரிய நாடு என்ன பாடுபட்டது என்று ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவர்கள் கடித்த சான்ட்விச்சைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜெசிந்தா பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

முதலில் இளையவர் இருவரையும் பற்றி. ஒருவருக்குப் பாடம் தொடங்கும் நேரம் எப்போதென்று இன்னும் தெரியவில்லை, மற்றவர் பெற்றோரைக் கண்டால் ஒளிக்கிறார் என்று இருந்தது. இருவரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அடுத்தது ஜெசிந்தா. அவருடைய உழைப்பைத் தலைவி புகழ்ந்திருந்தார். ஆனால் யாரிடமும் ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல இவருக்கு மனம் வராது, இந்தக் கடிதத்தையே சில கிழமை ஒளித்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தோம். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டேன்.

பிறகு என் பெயர் வந்தது.

இந்தப் பாடசாலையில் நான் கண்ட ஆசிரியர்களில் இவர்தான் மிகச் சிறந்தவர் என்று தொடங்கியது. அடுத்த வரியில் இருந்து இறங்கியது. தன் குரலைத் தவிர வேறு குரல் இவருக்குக் கேட்பதில்லை. அதிகம் பேசாதவர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று நினைக்கிறார். கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் இருப்பதில்லை. துறையில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் இவரால் பதில் சொல்ல முடியாது. இவரைத் தலைவராக்கினால் வகுப்பறை ஒரு நல்ல ஆசிரியரை இழக்கும், துறைக்கு ஒரு நல்ல தலைவரும் கிடைக்கமாட்டார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று முடிந்தது.

ஜெசிந்தா கடிதத்தை மடித்தார்.

தம்பி தங்கச்சிமாரே, அந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்கிறேன். காது இரண்டும் எரிந்தது. மறுத்துப் பேச வாயில் நாலைந்து வசனம் தயாராக நின்றது. அவருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலியில் எழுதியிருக்கிறார், ஜெசிந்தா போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றெல்லாம் வந்தது. எதைச் சொன்னாலும் நன்றாகச் சொல்லியிருப்பேன். இளையவர் இருவரும் என் பக்கம் வந்தும் இருப்பார்கள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பழைய கடிதத்தைப் பற்றி நான் வருடா வருடம் பலகையில் எழுதும் முதல் வரி என்ன தெரியுமா? அதில் எல்லோருக்கும் குறை சொல்லியிருந்தது என்பதுதான். படைத்தலைவர் ஆற்றல் மிக்கவர், ஆனால் தன்மேல் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை உள்ளவர் என்றும் அதில் இருந்தது. நானே எழுதி, நானே அடிக்கோடிட்டு, பிள்ளைகளைக் கொப்பியில் எழுத வைத்த வரி. கடிதத்தை வாசி என்று நான் கத்தியபோது அந்த வரி எங்கே போனது? மற்றவருடைய குறை உள்ள கடிதம் என்று மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது.

"அவர் எழுதியது சரி," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு ஜெசிந்தாவிடம், "ஒரு சொல்லும் பிழையில்லை," என்றேன்.

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்குத்தான் அண்ணை வேண்டாமெண்டனான். கிழிச்சுப் போடுவமோ எண்டும் யோசிச்சனான்."

"கிழிச்சிருந்தால் நீங்கள் உண்மையாவே செயலாளர்தான்."

"அதென்ன, வந்ததில இருந்து செயலாளர் செயலாளர் எண்டுறியள்?"

சொன்னேன். ஷாமிலி சொன்னதில் இருந்து ரோல்ஸ், திறப்பு, தலைவி வீட்டுக்குப் போனது, மூன்று மின்னஞ்சல் வரை ஒன்றும் விடாமல், இளையவர்களுக்கும் விளங்க ஆங்கிலத்தில் சொன்னேன். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். ரோல்ஸ் வந்தபோது அவரால் முடியவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

"என்ர மாதாவே, என்னைப் போய் அந்த மீசைக்காரனோட வைச்சுப் பாத்தியளோ அண்ணை?"

அதிபருக்குப் போன கடிதத்தை நான்தான் எழுதினேன். ஜெசிந்தாவைத் தலைவராக நியமிக்கும்படி நாலு வரி. நால்வரும் கையெழுத்து வைத்தோம். அந்தச் சனி ஞாயிறு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மனைவி சொன்னது இன்னும் நல்லது. "அந்த மனிசி எழுதினதை நான் கலியாணம் கட்டி ஒரு மாசத்தில கண்டுபிடிச்சனான். என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றார். பிறகு, பாதி டூங்கபிக்குச் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்ற கவலையோடு தொலைபேசியைத் தூக்கினார்.

திங்கட்கிழமை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லாமல் விடலாமா? அந்தப் பழைய கடிதத்தைக் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் மற்றவருடைய குறையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஓம், என்னைப் பற்றி எழுதியது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை என்று உருக்கமாகச் சொல்லி முடித்தேன்.

ஷாமிலி கையை உயர்த்தினாள். இல்லையே சேர், செயலாளர் பதவி விலகத் தயார் என்று சொன்னாரே, நீங்கள்தானே படிப்பித்தீர்கள் என்றாள். உண்மைதான். ஆனால் வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் தடுப்பார்கள் என்று தெரிந்துதான் அவர் அதைச் சொன்னார் என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்படியென்றால் கடிதம் சரி என்று நீங்களும் அப்படித்தான் சொன்னீர்களா சேர் என்று கேட்டாள்.

என் வாழ்க்கையில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி அது. நான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது அப்படி நினைக்கவில்லை. சொல்லி முடித்தபின், வேண்டாம் என்று யாராவது சொல்கிறார்களா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

வகுப்பு அன்றைக்கும் ஐந்து நிமிடம் சிரித்தது.

நீங்களும் ஒரு நாள் இந்தப் பாடத்தை எடுப்பீர்கள். எடுக்கும்போது யார் செயலாளர் என்று உங்கள் வேலையிடத்தில் தேடாதீர்கள். தேடினால் கட்டாயம் ஒருவர் கிடைப்பார், அவர் பாவம், உங்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியவராக இருப்பார். உங்களைப் பற்றி எழுதிய வரி எது என்று பாருங்கள், அது போதும். இதற்கு மேல் எனக்குப் புத்தி சொல்ல வராது.

வென்ற செயலாளர் படைத்தலைவரை என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பதவியை எடுத்தார், பிறகு நாட்டைவிட்டே அனுப்பினார். ஜெசிந்தா தலைவியாகி என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடத்தின் முதல் புதன்கிழமை. மத்தியானம் நான் வழக்கம்போல என் வகுப்பறையில் இருந்து புதிய பிள்ளைகள் இருவரோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் போகவேண்டும் என்று காலையில் நினைத்தது உண்மை. வாதம் சூடேறியதில் மறந்துபோனது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா கோப்போடு நின்றார். பின்னால் இளையவர் இருவரும் தேநீர்க் கோப்பைகளோடு நின்றார்கள்.

"கூட்டம் இனி இஞ்சைதான் அண்ணை," என்றார், உள்ளே வந்து முன் மேசையில் கோப்பினை வைத்தபடி.

"பிள்ளையள் இருக்கினம்," என்றேன்.

"அவைக்கு நான் வேற அறை ஒதுக்கியிருக்கிறன்."

"எனக்குத் திருத்தக் கட்டு ஒண்டு இருக்கு."

"திருத்துங்கோ. காது சும்மாதானே இருக்கு."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். நானும் எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். போக இடமில்லை, அது என் அறை. கூட்டம் முடியும்வரை இருந்தேன்.